மூலம், பௌத்திரம், மௌனம்

சென்ற மாதம் ஒரே தபாலில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் என் தொடர்கதையின் ஒரே அத்தியாயத்தைப் பற்றியவை. அந்த அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் தன் வியாதியை மூலம் என்று சொல்லி மூன்று வருஷம் மறைத்து வைக்கிறான். அது மூலமல்ல என்பதை நான் ஒரே ஒரு வரியில், அதுவும் ஜாடையாகத்தான் எழுதியிருந்தேன்.

முதல் கடிதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. முத்து முத்தான கையெழுத்து. 'பெண்டு பிள்ளைகள் படிக்கிற பத்திரிகையில், நம் மண்ணில் இல்லவே இல்லாத மேல்நாட்டு ஆபாசத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறீரே, உமக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?' என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது கடிதத்தில் பெயர் இல்லை, விலாசம் இல்லை, தபால் முத்திரையும் மை தீற்றி, ஊர் எது என்று தெரியவில்லை. எழுதியவர் ஒரு பெண். கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு குழந்தை. புருஷனுக்கு வெளியூரில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர். வந்தால் பின்வழியைத்தான் நாடுகிறாராம். வெளியூரில் என்ன நடக்கிறதோ என்ற பயத்தில், ஆணுறை இல்லாமல் சம்மதிப்பதில்லை என்று இந்தப் பெண் பிடிவாதமாக இருக்கிறார். ஆனால் உறை அடிக்கடி கிழிந்துபோகிறதாம். வலிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். சில சமயம் ரத்தம் வருகிறது. டாக்டரம்மாவிடம் போய், வெட்கத்தினால், மூலம் என்று சொல்லிக் களிம்பு வாங்கி வந்தாராம். 'இது பாவமா, இதனால் வியாதி வருமா, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உங்கள் கதையில் அந்த வரியைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. படித்ததும் கிழித்துவிடுங்கள்' என்று முடித்திருந்தார்.

தலைமையாசிரியருக்குப் பதில் எழுத ஒரு கார்டு போதும். இந்தச் சகோதரிக்குப் பதில் எழுத எனக்கு இந்தப் பத்திரிகையை விட்டால் வேறு விலாசம் கிடையாது. ஆகவே இரண்டு பேருக்கும் இங்கேயே எழுதுகிறேன். பெரியவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் ஒரு கேள்வி. ஐயா, தாங்கள் பஸ்ஸில் போகிறவர்தானே? எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலாவது, எந்த மின்சாரக் கம்பத்திலாவது, 'மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இன்றி குணம்' என்ற எழுத்துக்களைப் பார்க்காமல் தாங்கள் இறங்கியதுண்டா? ஆசனவாயைப் பற்றித் தமிழ்நாட்டுச் சுவர்கள் பேசுகிற அளவுக்கு வேறு எந்த நாட்டுச் சுவரும் பேசாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை, பள்ளிக்கூடத்துக்கு வெளியே முதலில் படிக்கிற வார்த்தைகளில் பௌத்திரமும் ஒன்று. அதற்காக யாரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, ஆண்மைக் குறைவுக்கு லேகியம் விற்கிறவருடைய விளம்பரம் வருகிற பக்கத்தைத் தாங்கள் கிழித்து எறிந்ததுமில்லை. உறுப்பைப் பற்றிச் சொல்லலாம். பணம் பறிக்கச் சொல்லலாம். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னால் மட்டும் ஆபாசமா?

மேல்நாட்டுச் சரக்கு என்கிறீர்கள். வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் இந்த உறவைக் குறிப்பிடுகிறார். குறிப்பிட்டதோடு விடவில்லை, இது தெற்கத்தியாருடைய வழக்கம் என்று ஊர்ப்பெயரும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். வடக்கே உட்கார்ந்துகொண்டு நம் மேல் புறம் சொன்னாரா, விசாரித்துத்தான் எழுதினாரா என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. கப்பலில் வந்த சரக்கு இதுவல்ல என்பது மட்டும் நிச்சயம். கப்பலில் வந்தது எது தெரியுமா? இதை 'இயற்கைக்கு மாறானது' என்று சொல்லித் தண்டித்த சட்டம். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் நடத்துகிற உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்ல 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி வரை ஆயிற்று. சட்டம் போய்விட்டது, சட்டம் கற்றுக்கொடுத்த கூச்சத்தை மட்டும் நாம் பூர்வீகச் சொத்து மாதிரி கட்டிக்கொண்டு அழுகிறோம்.

செய்யச் சொல்லி நான் பிரசாரம் செய்யவில்லை. பிடிக்காதவர்கள் செய்ய வேண்டாம். ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்: ஆணும் ஆணும் மட்டுமல்ல, தாலி கட்டிய தம்பதிகளும். அவர்களுக்கு என்ன ஆபத்து, அந்த ஆபத்தை எப்படிக் குறைப்பது என்பது தெரியவேண்டும். நான் வைத்தியனல்ல, கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். இந்தக் கடிதம் வந்த பிறகு, எனக்கு வேண்டிய இரண்டு டாக்டர்களை ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிடவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பெண்ணுறுப்பின் உட்சுவர் பல அடுக்குத் தோலால் ஆனது. தேவைப்படும்போது அது தானே ஈரம் சுரந்துகொள்ளும். ஆசனவாய்க்கு உள்ளே இருக்கிற மலக்குடலின் சுவர் அப்படியல்ல. ஒற்றை அடுக்கு, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லியது. இந்த உறவுக்கு வேண்டிய வழுவழுப்பு அங்கே சுரக்காது. உராய்ந்தால் கிழியும். கிழிந்தது கண்ணுக்கும் தெரியாது, பல சமயம் வலிக்கவும் வலிக்காது. எய்ட்ஸ் கிருமி எந்த ரத்த அணுக்களைத் தேடி வருகிறதோ அந்த அணுக்கள் அந்தச் சுவருக்கு அடுத்தாற்போலவே கூட்டமாக இருக்கின்றன. கதவும் மெல்லியது, திருடன் தேடுகிற பெட்டியும் வாசலிலேயே இருக்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. கிருமி உள்ளவர் மருந்து சாப்பிடாமலும் உறை அணியாமலும் உறவு கொண்டால், 10,000 தடவைக்கு, பின்வழியில் ஏற்கிறவருக்கு 138 தடவை தொற்றும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு மையம் மதிப்பிட்டிருக்கிறது. முன்வழியில் ஏற்கிற பெண்ணுக்கு அந்த எண் 8. பின்வழியில் செய்கிற ஆணுக்கு 11. ஆக, கர்ப்பமாகாது என்ற தைரியத்தில் இந்த வழியைப் பிடிக்கிறவர்கள், ஒரு கவலையைத் தீர்த்துக்கொள்ளப் பதினேழு மடங்கு பெரிய கவலையை வாங்கிக்கொள்கிறார்கள். எய்ட்ஸ் மட்டுமா? மேகப்புண், வெட்டை, மஞ்சள்காமாலையின் பி வகை எல்லாம் இந்த வழியில் வரும். ஆசனவாயில் வரும் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது பங்கு, பால்வினை மூலம் தொற்றுகிற எச்.பி.வி. என்ற கிருமியின் வேலை. இந்தக் கடைசி இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. அதிலும் எச்.பி.வி. ஊசியை இளவயதிலேயே போட்டுக்கொண்டால் பலன் அதிகம்.

இனி தேங்காய் எண்ணெய். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. ஆணுறை ரப்பர் பாலில் செய்தது. ரப்பரும் தென்னையும் மலையாளக் கரையில் பக்கத்துப் பக்கத்துத் தோப்பில் வளர்கின்றன. ஆனால் இரண்டுக்கும் ஜென்மப் பகை. எண்ணெய் பட்டால் நிமிஷக் கணக்கில் ரப்பரின் பலம் போய்விடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, இழுத்தால் விட்டுப்போகும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாஸலின், குழந்தைக்குத் தடவுகிற எண்ணெய், வெண்ணெய் எல்லாம் ஒரே ஜாதி. சகோதரி, உங்கள் வீட்டில் உறை கிழிந்தது கம்பெனியின் குற்றமாக இராது. உங்கள் அலமாரியில் இருக்கிற கிண்ணத்தின் குற்றம்.

அதற்குப் பதிலாக மருந்துக் கடையில் ஜெல்லி கிடைக்கிறது. தண்ணீரில் கரைகிற வகை என்று கேட்கவேண்டும். சிலிகான் வகையும் ரப்பரைக் கெடுக்காது. தாராளமாக எடுத்து, காய்ந்தால் மறுபடியும் போட்டுக்கொள்ளவேண்டும். எச்சில் போதாது, காய்ந்துவிடும். ஜெல்லியைச் சரியாக உபயோகிக்காதவர்களுக்கு உறை கிழிவதும் நழுவுவதும் அதிகம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் உறையை இனாமாகக் கொடுக்கிறார்கள். 1968 முதல் 'நிரோத்' என்ற பெயரைச் சுவரெல்லாம் எழுதி, ரேடியோவில் பாடி, ஊர் ஊராக விற்ற சர்க்காருக்கு, பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை வைக்காதே என்று அதே சுவரில் இன்னும் ஒரு வரி எழுத நா எழவில்லை. கேட்டால், குடும்பக் கட்டுப்பாடு தேசியத் திட்டம்; இது அசிங்கம்.

உறையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. விந்தணுவைக் கொல்லுகிற நானாக்சினால்-9 என்ற மருந்து பூசிய உறை இந்த உறவுக்கு ஆகாது. மலக்குடலின் சுவரை அது அரித்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-லேயே எச்சரித்துவிட்டது. மரத்துப்போகச் செய்கிற களிம்புகளும் வேண்டாம். வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டுத் தீ இல்லை என்று நினைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா? வலித்தால் நிறுத்தவேண்டும். அவசரமும் பலாத்காரமும்தான் கிழிக்கின்றன. பொறுமையாக இருந்தால், அங்கே இருக்கிற சதைவளையம் மெள்ளத் தளரும்.

சுத்தத்தின் பெயரால் சிலர் சோப்புத்தண்ணீரை எனிமாவாக ஏற்றிக்கொள்கிறார்களாம். சோப்பு அந்த மெல்லிய சுவரை இன்னும் மெலிய வைத்து, கிருமிக்குப் பாதை போடுகிறது. வெளியே தண்ணீரில் கழுவினால் போதும். அவசியம் என்று தோன்றினால், கொஞ்சம் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீர். அதற்கு மேல் வேண்டாம். பின்வழியில் போனதை அப்படியே முன்வழிக்கோ வாய்க்கோ கொண்டுபோகக்கூடாது. உறையை மாற்றிக் கழுவிக்கொண்டுதான் மறுகாரியம். இல்லாவிட்டால் குடல் கிருமிகள் இடம் மாறி வேறு வியாதியைக் கிளப்பும்.

எனக்கு வருகிற கோபம் தலைமையாசிரியர் மீது கூட அவ்வளவாக இல்லை. அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். வைத்தியம் படித்தவர்களின் வாய்ப்பூட்டுத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மலக்குடலில் வெட்டை நோய் வந்தால் பாதிப் பேருக்கு மேல் எந்த அறிகுறியும் தெரியாது என்றார் என் நண்பர். சிறுநீரைச் சோதித்தால் அது அகப்படாது. அந்த இடத்திலிருந்தே பஞ்சுக் குச்சியில் தொட்டெடுத்துச் சோதிக்கவேண்டும். ஆனால், 'உங்களுக்கு அந்த மாதிரி உறவு உண்டா?' என்று டாக்டர் கேட்டால்தானே நோயாளி சொல்லுவான்? டாக்டர் கேட்பதில்லை, அவருக்கு வெட்கம். நோயாளி சொல்வதில்லை, அவனுக்கு வெட்கம். சிறுநீரில் ஒன்றுமில்லை என்று சீட்டு வருகிறது. அதை வாங்கிக்கொண்டு அவன் நேரே கம்பத்தில் படித்த பௌத்திர வைத்தியரிடம் போகிறான். அவர் மேகப்புண்ணைப் பார்த்து மூலம் என்கிறார். வலிக்காத புண் என்பதால் அது தானே ஆறியும் போகிறது. பௌத்திர வைத்தியருக்குக் கீர்த்தி. கிருமியோ ரத்தத்துக்குள் இறங்கி, வருஷக்கணக்கில் மூளைக்கும் இருதயத்துக்கும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் வந்திருந்தால் பெனிசிலின் ஊசியில் தீர்ந்திருக்கும் வியாதி ஐயா, அது!

நம் பண்பாடே நமக்குக் காப்பு என்ற பேச்சு இன்று நேற்றையதல்ல. 1986-ல், எய்ட்ஸ் என்பது வெள்ளைக்காரனின் ஒழுக்கக்கேட்டுக்கு வந்த தண்டனை, இந்தியாவில் அது கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுநிதி சாலமன் என்ற பேராசிரியையின் யோசனைப்படி, நிர்மலா என்ற மாணவி விலைமாதர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்து, வேலூருக்கு ரயிலில் எடுத்துக்கொண்டு போனார். ஆறு பேருடைய ரத்தத்தில் கிருமி இருந்தது. அந்த ஆறு பெண்களுக்கும் கிருமியைக் கொடுத்தவர்கள் யார்? பண்பாட்டைப் பற்றி மேடையில் பேசாதவர்கள் மட்டும்தானா?

அன்றைக்கு அது மரண ஓலை. இன்றைக்கு அப்படியல்ல என்பதும் மௌனத்தினால்தான் பலருக்குத் தெரியவில்லை. 2004 ஏப்ரலிலிருந்து சர்க்கார் இதற்கான மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் வழியாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஐரோப்பாவில், ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண்-ஆண் ஜோடிகளை வருஷக்கணக்கில் கவனித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். உறையில்லாமல் சுமார் 76,000 தடவை பின்வழி உறவு. துணைவரிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. கிருமி இல்லாதவர் முன்கூட்டியே சாப்பிட்டுத் தடுத்துக்கொள்கிற மாத்திரையும் இருக்கிறது. டாக்டர் சீட்டின் பேரில், சோதனை செய்துகொண்டு சாப்பிடவேண்டும். மற்ற வியாதிகளை இந்த மாத்திரைகள் தடுக்கா, அதற்கு உறைதான். இத்தனையும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க, ஊருக்குப் பயந்து கல்யாணமும் செய்துகொண்டு, தன் ஆண் சிநேகிதனைப் பற்றி மூச்சுவிட முடியாமல், சோதனைக்கும் போகாமல் இருக்கிற மனிதன் ஒருவனல்ல, பலர். அவன் வாயை அடைத்தவர்கள் அவன் மனைவிக்கும் சேர்த்துத்தான் ஓலை எழுதுகிறார்கள்.

இனி உங்களுக்கு மட்டும், சகோதரி. பாவமா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல நான் யோக்கியனல்ல. ஆனால் உங்களுக்கு இஷ்டமில்லாததைச் செய்ய மறுப்பது பாவமல்ல என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். கடிதத்தை நாலு தடவை படித்தேன். உங்களுக்கு இஷ்டம் என்று ஓர் இடத்திலும் நீங்கள் எழுதவில்லை. 2024-ல் வந்த புதிய தண்டனைச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைப் புருஷன் பலவந்தப்படுத்துவதைக் கற்பழிப்பு என்று எழுதவில்லை. ஆனால் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் அதை வன்முறை என்று ஒப்புக்கொள்கிறது. நிலைமை அப்படியானால் 181 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

ரத்தம் வருகிற வரைக்கும், வந்து ஆறுகிற வரைக்கும், அந்த வழி வேண்டவே வேண்டாம். மலம் இறுகாதபடி கீரையும் தண்ணீரும் நிறையச் சேர்த்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்திருங்கள். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சலோ அடிவயிற்று வலியோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டாக்டரம்மாவிடம் மறுபடியும் போய், மூலம் என்று சொல்லாமல், நடந்ததைச் சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் எனக்கு எழுதின மாதிரி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று பலகை போட்டிருக்கும். அங்கே எய்ட்ஸ் சோதனை இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ல் சட்டமே செய்திருக்கிறார்கள். மேகப்புண்ணுக்கும் காமாலைக்கும் சோதிக்கும்படி நீங்களே கேளுங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். போவதற்கு முன் ஏதாவது கேட்கவேண்டுமானால் 1097 என்ற எண் இருக்கிறது. பெயர் சொல்லவேண்டியதில்லை, காசும் கிடையாது.

ஒன்று விட்டுப்போயிற்று. இனி ஒரு தடவை உறை கிழிந்து, அவருக்குக் கிருமி இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தால், மறு மாதம் வரை காத்திருந்து சோதிக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால், தொற்றாமல் தடுக்க மாத்திரை கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. 28 நாள், ஒரு நாளும் விடாமல் சாப்பிடவேண்டும். கடிதத்தை, நீங்கள் சொன்னபடியே, கிழித்துப் போட்டுவிட்டேன்.